நடப்பவரையும் எண்ணுங்கள்

(சென்னை தியாகராய நகரில் குடியிருப்போர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



என் அம்மாவுக்கு 75 வயது. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து காலை ஏழு மணிக்கு ஒயர் கூடையை எடுத்துக்கொண்டு மெயின் ரோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் போவார். அங்கே ஒரு கீரைக்கார அம்மா உட்கார்ந்திருப்பார். கீரை வாங்க ஐந்து நிமிடம், பேச்சு இருபது நிமிடம். யார் வீட்டில் கல்யாணம், யாருக்கு உடம்பு சரியில்லை என்கிற செய்தியெல்லாம் அந்தக் கூடையோடுதான் எங்கள் வீட்டுக்கு வரும்.

சில ஆண்டுகளுக்கு முன் அந்த நாற்சந்தியில் இருந்த சிக்னலை எடுத்துவிட்டார்கள். நடுவில் கான்கிரீட் கட்டைகளை வரிசையாக அடுக்கி அடைத்தார்கள். குறுக்கே போகவேண்டிய வண்டிகள் இடதுபக்கம் திரும்பி, கொஞ்ச தூரம் போய், யு டர்ன் அடித்துத் திரும்பி வரவேண்டும் என்று ஏற்பாடு. வண்டிகள் நிற்காமல் ஓடின. தெருவில் எல்லோரும் பாராட்டினார்கள். ஸ்கூட்டரில் போகும்போது எனக்கும் அது வசதியாகத்தான் இருந்தது, மறைக்க விரும்பவில்லை. மூன்று வாரம் கழித்துத்தான் வீட்டில் கீரையே சமைப்பதில்லை என்பதைக் கவனித்தேன். கேட்டேன். "முட்டி வலிக்குதுப்பா, தள்ளுவண்டிக்காரர் வந்தா வாங்கிக்கலாம்" என்றார். மறுநாள் அவரை வற்புறுத்திக் கூட்டிக்கொண்டு போனேன். கான்கிரீட் கட்டைகளுக்கு இடையே ஓர் ஆள் நுழையும் அளவுக்கு ஒரு சந்து இருந்தது. அதுதான் வழி. ஐந்தடி எடுத்து வைப்பார், பின்வாங்குவார். மறுபடி ஐந்தடி. என் கையைப் பிடித்திருந்த அவருடைய விரல்கள் நடுங்கின. "வேணாம்ப்பா, வீட்டுக்குப் போயிடலாம்" என்றார். திரும்பிவிட்டோம்.

அந்த மாற்றத்தால் வண்டிக்கு எத்தனை நிமிடம் மிச்சமாயிற்று என்பதற்குக் கணக்கு இருக்கும். ஒரு மூதாட்டி கடைக்குப் போவதையே நிறுத்திக்கொண்டது எந்தக் கணக்கில் இருக்கிறது? இதைக் கேட்கத்தான் இன்று உங்கள் முன்னால் வந்து நிற்கிறேன்.

தெருவை மாற்றுவதற்கு முன் எண்ணிப் பார்க்கிறார்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் எதை எண்ணுகிறார்கள்? போக்குவரத்துப் பொறியியலில் 'பயணிகள் கார் அலகு' என்று ஓர் அளவு உண்டு. ஒரு கார் என்றால் ஒன்று. பேருந்து, காரைவிடப் பெரியது, அதனால் ஏறத்தாழ மூன்று. சைக்கிளுக்கு ஏறக்குறைய அரை. ஒரு மணி நேரத்தில் சந்திப்பைக் கடக்கும் வண்டிகளையெல்லாம் இந்த அலகாக மாற்றிக் கூட்டி, சாலை தாங்குமா என்று பார்ப்பார்கள். இதில் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். அறுபது பேரைச் சுமந்து வரும் மாநகரப் பேருந்து மூன்று கார்களுக்குச் சமமாக எண்ணப்படுகிறது. உள்ளே இருக்கும் அறுபது தலைகள் அந்தக் கூட்டலில் வருவதில்லை. அடுத்து, நடந்து போகிறவர். அவருக்கு இந்த அலகில் அரையும் இல்லை, காலும் இல்லை. அவருக்கு இலக்கமே கிடையாது. அவரைத் தனியாக எண்ண வேறு முறைகள் உண்டு, பொறியாளர்களுக்கு அவை தெரியும். ஆனால் யாராவது கேட்டால்தான் எண்ணுவார்கள்.

கேட்காமல் விட்டதால் என்ன ஆகிறது? சென்னைப் பெருநகரில் 2008இல் நடந்த விரிவான போக்குவரத்து ஆய்வை எடுத்துக்கொள்ளுங்கள். நடையையும் சைக்கிளையும் சேர்த்தால் அன்றாடப் பயணங்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறையாது. கார் அதில் பத்தில் ஒன்றுகூட இல்லை. அதற்குப் பிறகு காரும் பைக்கும் பெருகியிருக்கின்றன. என்றாலும் இங்கே ஒரு செய்தியை நினைவில் வையுங்கள். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போட்ட திட்டம் அது. ஆனால் எந்தப் பெண்ணும் வீட்டு வாசலில் பேருந்து ஏறுவதில்லை. நிறுத்தம் வரை நடக்கிறார், இறங்கி நடக்கிறார். போகும்போது ஒரு பக்கம் ஏறியவர், வரும்போது எதிர்ப்பக்கம்தான் இறங்குவார். ஆக, பேருந்தில் போகிற ஒவ்வொருவரும் நாளுக்கு ஒருமுறையாவது சாலையைக் குறுக்கே கடந்தே ஆகவேண்டும். கட்டணத்தை எடுத்துவிட்டோம். கடக்கும் இடத்தை மூடிவிட்டோம்.

சிக்னல் இல்லாத சாலை, நிற்காத பயணம் என்றெல்லாம் இப்போது பெருமையாகப் பேசப்படுகிறது. வண்டி ஓட்டுகிறவருக்குச் சிவப்பு விளக்கு என்பது தாமதம். நடக்கிறவருக்கு அதுதான் வழியே. எதிரே வரும் வண்டிகள் நின்றால்தான் அவருக்குப் பாதை பிறக்கிறது. வண்டிகள் நிற்கவே நிற்காது என்று ஏற்பாடு செய்தால், நடப்பவருடைய பாதையை எடுத்துவிட்டோம் என்றுதான் பொருள்.

சிக்னல் இருக்கும் இடத்திலும் நேரம் போதாது. 24 மீட்டர் அகலச் சாலையை வைத்துக்கொள்ளுங்கள். நொடிக்கு 1.2 மீட்டர் என்பது கணக்குப் போடுகிறவர்கள் வழக்கமாக எடுத்துக்கொள்ளும் நடை வேகம். அதன்படி 20 நொடி வேண்டும். என் அம்மாவைப் போன்றவர்கள் நொடிக்கு 0.8 மீட்டர் நடந்தாலே பெரிது. அவர்களுக்கு 30 நொடி. குழந்தையை இடுப்பில் வைத்திருப்பவருக்கும், வாக்கர் பிடித்து நடப்பவருக்கும், சக்கர நாற்காலியில் வருபவருக்கும் அதற்கும் மேல். இப்போது உங்கள் வீட்டருகே உள்ள சிக்னலில் பச்சை மனிதன் எத்தனை நொடி எரிகிறான் என்று நாளைக்குப் பாருங்கள்.

இதே யு டர்ன் சைக்கிள்காரரை என்ன செய்கிறது? அவர் இடது ஓரமாகப் போகிறவர். யு டர்ன் வலது ஓரத்தில், மீடியனை ஒட்டி இருக்கிறது. பேருந்தும் லாரியும் பாய்ந்து வரும் மூன்று வரிசைகளை வெட்டிக்கொண்டு அவர் வலப்பக்கம் போகவேண்டும், திரும்ப வேண்டும், மறுபடி மூன்று வரிசைகளை வெட்டி இடது ஓரம் சேரவேண்டும். யு டர்ன் 400 மீட்டர் தள்ளி இருந்தால் போக 400, வர 400. மோட்டார் வண்டிக்கு அது ஒரு முறுக்கு. மிதிக்கிறவருக்கு அது கால் வலி. வெயில் காலத்தில் பின்னால் இரண்டு தண்ணீர்க் கேன் கட்டிக்கொண்டு மிதிப்பவரை நினைத்துப் பாருங்கள். அவர் என்ன செய்கிறார்? எதிர்த் திசையில் ஓரமாக வந்துவிடுகிறார். நாம் காருக்குள் இருந்து திட்டுகிறோம். அவர் செய்வது ஆபத்து, அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த ஆபத்தை வரைபடத்திலேயே வரைந்து வைத்துவிட்டு அவரை மட்டும் குற்றவாளியாக்குவது நியாயமில்லை.

"ஏன், நடைமேம்பாலம் கட்டித் தருகிறோமே" என்பார்கள். அடியில் லாரி போகவேண்டும் என்றால் பாலத்தின் உயரம் ஆறு மீட்டராவது வரும். ஒரு படி 15 சென்டிமீட்டர் என்று வைத்தால் ஏற நாற்பது படி, இறங்க நாற்பது படி. லிப்ட் வைத்தால் அது நாள் தவறாமல் ஓடவேண்டும். எட்டு மீட்டர் தள்ளி எதிரே தெரியும் மருந்துக் கடைக்குப் போக எண்பது படி என்று சொன்னால், முடிந்தவர்கள் கீழேயே ஓடிக் கடப்பார்கள், முடியாதவர்கள் வீட்டிலேயே இருப்பார்கள். இரண்டும் நடந்துகொண்டுதான் இருக்கிறது. மேம்பாலமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2023 மே மாதம் திறக்கப்பட்ட மாம்பலம் ஆகாய நடைபாதையை நீங்கள் எல்லோரும் பயன்படுத்தியிருப்பீர்கள். அரை கிலோமீட்டருக்கும் மேல் நீளம். அது நன்றாக இருப்பதற்குக் காரணம் எளியது. ரயிலில் இருந்து இறங்கியவர் தண்டவாளத்தைத் தாண்ட எப்படியும் மேலே ஏறியாக வேண்டும். ஏறியவர் ரங்கநாதன் தெரு நெரிசலில் இறங்காமல் மேலேயே நடந்து பேருந்து நிலையம் வரை வந்துவிடுகிறார். நடப்பவர் எங்கிருந்து எங்கே போகிறார் என்று யோசித்துக் கட்டியது அது. அந்த யோசனை இல்லாமல் ஊரெங்கும் இரும்புப் பாலங்களை நிறுத்தினால் அவை விளம்பரப் பலகைக்குத்தான் பயன்படும்.

இந்தப் பேட்டையிலேயே இன்னொரு பெரிய மாற்றம் நடந்தது. பாண்டி பஜார். டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியனார் பெயரில் ஏற்பட்ட அங்காடி அது. சாலைக்கோ நீதிக்கட்சித் தலைவர் தியாகராயரின் பெயர். அங்கே 2019 நவம்பரில், ஏறத்தாழ 40 கோடி ரூபாய்ச் செலவில், நடைபாதை வளாகம் திறந்தார்கள். இந்தியாவில் ஒரு பெரிய நகரத்தின் நெரிசலான கடைவீதியில், வண்டிக்கு இருந்த இடத்தைக் குறைத்து நடப்பவருக்குக் கொடுப்பது சின்ன விஷயம் அல்ல. கட்டுவதற்கு முன் தற்காலிகத் தடுப்புகள் வைத்து வெள்ளோட்டம் பார்த்தார்கள் என்பதை நான் முக்கியமாகக் கருதுகிறேன். கான்கிரீட் போட்ட பிறகு கருத்துக் கேட்பதும், கயிறு கட்டி ஒரு நாள் நடந்து காட்டிவிட்டுக் கருத்துக் கேட்பதும் ஒன்றல்ல. அந்த ஒரு நாளில் கல்லூரிப் பிள்ளைகள் சாலை நடுவில் உட்கார்ந்து பேசுவதைப் பார்த்த பிறகுதான் பல கடைக்காரர்களுக்குத் தைரியம் வந்தது.

இருந்தாலும் அன்று இந்தப் பகுதி மக்கள் எழுப்பிய கவலைகள் வீணானவை என்று நான் சொல்லமாட்டேன். பக்கத்துத் தெருக்களில் இருந்தவர்கள், "எங்கள் வாசலில் கொண்டுவந்து காரை நிறுத்துவார்கள்" என்றார்கள். நிறுத்தினார்கள். பல அடுக்கு வாகன நிறுத்தம் கட்டினார்கள், ஆனாலும் தெருவில் இலவசமாக இடம் கிடைக்கிறவரை யாரும் காசு கொடுத்து உள்ளே நிறுத்தப் போவதில்லை. கடைக்காரர்கள், "காரில் வருகிற வாடிக்கையாளர் வரமாட்டார்" என்றார்கள். இப்போது பண்டிகைக் காலத்தில் போய்ப் பாருங்கள், கூட்டம் குறைந்திருக்கிறதா என்று. நடைபாதையில் ஆசையாகப் போட்ட கல்தளத்தின்மேல் பைக் ஏறி நிற்கும் என்று சிலர் சொன்னார்கள். அதுவும் நடக்கிறது.

ஆனால் எனக்கு மனம் ஆறாத இடம் ஒன்று உண்டு. நடைபாதைக் கடைக்காரர்கள். பாண்டி பஜார் என்றால் பூ, வளையல், ஹேர்பின், கைக்குட்டை, சீப்பு. அவர்களில் பல நூறு பேரை 2013இல் மாநகராட்சி கட்டிய பல மாடி வளாகத்துக்கு மாற்றினார்கள். நடந்துபோகிறவர் கண்ணில் படுவதால்தான் வளையல் விற்கும். மாடி ஏறி வந்து சீப்பு வாங்குகிறவர் எத்தனை பேர்? அடுத்த ஆண்டே, 2014இல், தெரு வியாபாரிகள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன்படி நகர விற்பனைக் குழுவில் 40 விழுக்காட்டுக்குக் குறையாமல் வியாபாரிகளே இருக்கவேண்டும், அவர்களில் மூன்றில் ஒருவர் பெண்ணாக இருக்கவேண்டும். நடைபாதையில் நடக்கவும் இடம் வேண்டும், விற்கவும் இடம் வேண்டும். இரவு ஒன்பது மணிக்கு வேலை முடிந்து தனியாக நடந்துவரும் ஒரு பெண்ணுக்கு, திறந்திருக்கும் இட்லிக் கடையும் பூக்கடையும்தான் துணை. கடையே இல்லாத அகன்ற நடைபாதையில் அவர் வேகமாக நடப்பார், பயத்தில். அகலமான சாலையில் ஒரு பக்கம் விற்பனைக்கு என்று கோடு போட்டுக் கொடுத்தால் இருவரும் இருக்கலாம். அந்தக் கோட்டை வரையும் மேஜையில் வளையல்காரரும் உட்கார்ந்திருக்க வேண்டும்.

இன்னொரு செய்தி, நம்மில் பலருக்குத் தெரியாதது. சென்னை மாநகராட்சி 2014இலேயே மோட்டார் இல்லாப் போக்குவரத்துக்கென்று ஒரு கொள்கையை ஏற்றுக்கொண்டது. இந்தியாவில் அப்படி ஒரு கொள்கை வகுத்த முதல் நகரம் நம் நகரம். அதில் என்ன எழுதியிருந்தது? 2018க்குள் 80 விழுக்காடு தெருக்களில் பாதுகாப்பான, தொடர்ச்சியான நடைபாதை. நடையும் சைக்கிளும் சேர்ந்து 40 விழுக்காட்டுக்கு மேல் பயணங்கள். சாலையில் நடப்பவரும் சைக்கிளில் செல்பவரும் ஒருவர்கூடச் சாகாத நிலை. போக்குவரத்துக்கான நிதியில் குறைந்தது 60 விழுக்காடு இதற்கென்று ஒதுக்குதல். நல்ல வார்த்தைகள், ஒவ்வொன்றும் நாம் கேட்டு வாங்க வேண்டியவை. 2018 வந்து போயிற்று. நம் தெருவில் நடைபாதை தொடர்ச்சியாக இருக்கிறதா? இந்தக் கொள்கையைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு வார்டு கவுன்சிலரிடமாவது நாம் கேட்டதுண்டா? நான் கேட்டதில்லை. அதனால் என் பங்கும் அந்தக் குற்றத்தில் உண்டு.

நடைபாதை என்று சொல்கிறோமே, அதை ஒருமுறை உற்றுப் பாருங்கள். நம் தெருக்களில் பிளாட்பாரம் என்பது பெரும்பாலும் மழைநீர் வடிகாலின் மூடிதான். வடிகால் எவ்வளவு உயரமோ அவ்வளவு உயரம் மூடி. சில இடங்களில் முழங்கால் உயரம். இந்தியச் சாலைகள் காங்கிரஸ் என்ற பொறியாளர் அமைப்பு வகுத்த நெறிமுறையில், சாலை மட்டத்திலிருந்து 15 சென்டிமீட்டருக்கு மேல் உயரக்கூடாது, தடையில்லாமல் நடக்கக் குறைந்தது 1.8 மீட்டர் அகலம் வேண்டும் என்று இருக்கிறது. இரண்டு சக்கர நாற்காலிகள் எதிரெதிரே போகத் தேவையான அகலம் அது. நம் தெருவில் ஒரு வீட்டு கேட்டுக்கு ஒரு சரிவு, அடுத்த வீட்டுக்கு இன்னொரு சரிவு. நடுவில் மின்வாரியப் பெட்டி. அதை அடுத்து ஒரு மரம், மரத்தடியில் இஸ்திரி வண்டி, அதற்குப் பின் ஏதோ ஒரு கடையின் ஜெனரேட்டர். ஏறி இறங்கி ஏறி இறங்கி மூட்டு தேய்ந்த பெரியவர் கடைசியில் சாலையில் இறங்கி நடக்கிறார். பைக் ஏறக்கூடாது என்று இரும்புக் கம்பங்கள் நட்டால், அவற்றை நெருக்கமாக நட்டு, சக்கர நாற்காலி போகமுடியாமல் செய்துவிடுகிறார்கள். இடையில் 90 சென்டிமீட்டராவது விட்டால் நாற்காலி போகும். ஒரு சாணுக்கும் குறைவான வித்தியாசம் ஒருவரை வீட்டுக்குள் பூட்டிவிடுகிறது.

இங்கே நம் வீட்டுக் கணக்கையும் பார்த்துவிடுவோம். அந்தச் சரிவுகளை அரசு கட்டவில்லை. கார் உள்ளே ஏறவேண்டும் என்று நாம் கட்டினோம். வாசலுக்கு வெளியே தொட்டி வைத்துச் செடி வளர்த்தவர்கள் நாம். 'இங்கே வண்டி நிறுத்தாதீர்' என்று பலகை மாட்டிவிட்டு நம் வண்டியை நிறுத்துபவர்கள் நாம். தெரு மாற்றத்தைப் பற்றிக் கவலைப்படும் ஒரு சங்கம், முதலில் தன் உறுப்பினர்களின் வாசல்களை நடக்கத் தகுந்தவையாக்கிவிட்டுப் போய் நின்றால் அதன் பேச்சுக்கு எடை கூடும்.

சைக்கிளைப் பற்றி இன்னும் கொஞ்சம் பேசவேண்டும். இந்த அவையில் நரைத்த தலைகள் நிறைய இருக்கின்றன. உங்களில் குரங்குப் பெடல் போடாதவர் யார்? வாடகை சைக்கிள் கடையில் மணிக்கணக்கில் எடுத்து, முழங்கால் சிராய்த்து, அண்ணனை டபுள்ஸ் வைத்து மிதிக்கப் பழகியவர்கள்தானே நாம்? இரவில் டைனமோ விளக்கு இல்லாமல் போனால் போலீஸ்காரர் நிறுத்துவார் என்று பயந்தவர்கள். அந்தச் சைக்கிள் இன்று சென்னையில் யாரிடம் இருக்கிறது? விடியற்காலையில் பேப்பர் போடுகிற பையனிடம். இரவுக் காவலாளியிடம். டீ கேன் கட்டிக்கொண்டு கட்டட வேலை நடக்கும் இடங்களுக்குப் போகிறவரிடம். வடக்கே இருந்து வந்து இங்கே சாரம் கட்டுகிற தொழிலாளியிடம். காலையில் உடற்பயிற்சிக்காக விலையுயர்ந்த சைக்கிளில் கிழக்குக் கடற்கரைச் சாலை வரை போகிற இளைஞர்களும் உண்டு, அவர்களும் பாதுகாப்பாகப் போய் வரவேண்டும். ஆனால் முதலில் சொன்னவர்களுக்குச் சைக்கிள்தான் சோறு. பெட்ரோல் காசை மிச்சம் பிடித்து ஊருக்கு அனுப்புகிறவர்கள் அவர்கள்.

நம் அரசு பள்ளிப் பிள்ளைகளுக்கு விலையில்லா மிதிவண்டி கொடுக்கிறது. 2001-02இல் பட்டியலினத்து, பழங்குடி மாணவிகளுக்கென்று தொடங்கி, 2005-06 முதல் அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவிபெறும் பள்ளிகளிலும் பதினோராம் வகுப்பு படிக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் விரிந்த திட்டம். ஆண்டுதோறும் லட்சக்கணக்கான சைக்கிள்கள். கிராமத்துப் பெண் பிள்ளைகளின் படிப்பு நின்றுபோகாமல் காத்ததில் இதற்குப் பெரும் பங்கு உண்டு. சென்னையில் அந்தச் சைக்கிளை வாங்கிய பெண்ணின் தாயைக் கேட்டுப் பாருங்கள். "ரோட்டுல விடப் பயமா இருக்கு சார், மாடிப்படிக்குக் கீழ நிக்குது" என்பார். அரசின் ஒரு கை கொடுத்த சைக்கிளை ஓட்ட, அதே அரசின் இன்னொரு கை ஓர் அடி அகலம்கூட விடவில்லை. பள்ளிக்கூடத்தைச் சுற்றி அரைக் கிலோமீட்டருக்காவது, காலை ஒரு மணி நேரம், மாலை ஒரு மணி நேரம், சைக்கிள் போகத் தனி வழி விட்டால் அந்தச் சைக்கிள் வெளியே வரும்.

நெதர்லாந்தைச் சொல்லி, "அங்கே ஊரே சைக்கிள், நமக்கு அது ஒத்துவராது" என்பார்கள். அவர்கள் பிறக்கும்போதே சைக்கிளோடு பிறந்தவர்கள் அல்லர். 1971இல் அந்தச் சிறிய நாட்டில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் சாலையில் இறந்தார்கள், நானூறுக்கும் மேற்பட்டவர்கள் குழந்தைகள். தன் ஆறு வயது மகளைப் பறிகொடுத்த ஒரு பத்திரிகையாளர் 1972இல் 'குழந்தைக் கொலையை நிறுத்துங்கள்' என்று எழுதினார். பெற்றோர்கள் குழந்தைகளோடு தெருவில் வந்து உட்கார்ந்தார்கள். அதன் பிறகுதான் அங்கே தெருக்கள் மாறின. நமக்கு உதாரணம் தேட அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். பங்குனியில் அறுபத்துமூவர் அன்று மயிலாப்பூர் மாடவீதிகளைப் பாருங்கள். லட்சக்கணக்கான கால்கள். ஒரு வண்டி இல்லை. வீட்டு வாசலில் நீர்மோர் கொடுக்கிறார்கள், குழந்தைகள் தந்தையர் தோளில் உட்கார்ந்திருக்கிறார்கள், தொண்ணூறு வயதுக் கிழவியும் வந்து நிற்கிறார். வண்டியை ஒரு நாள் வெளியே நிறுத்திவிட்டு ஒரு முழுப் பேட்டையும் நடக்க நமக்குத் தெரியும்.

இப்போது ஏன் இதை அவசரமாகப் பேசுகிறேன் என்றால், மெட்ரோ. இரண்டாம் கட்டத்தில் மூன்று தடங்கள், 118.9 கிலோமீட்டர். பனகல் பூங்கா முதல் லஸ் வரை எத்தனை சாலைகள் தகடு அடித்து அடைக்கப்பட்டன, எத்தனை தெருக்கள் ஒருவழியாயின என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. மெட்ரோ வேண்டும், அதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. வேலை நடக்கும்போது தகட்டை ஒட்டி நடக்க ஒரு மீட்டராவது விட்டு, இரவில் ஒரு விளக்கு போட்டிருந்தால் எத்தனையோ பேர் பள்ளத்தில் கால் வைக்காமல் இருந்திருப்பார்கள். அதுகூட நடந்தபாடில்லை. இனி வரப்போவது பெரிய கேள்வி. தகடுகளை எடுத்த பிறகு எந்தச் சாலை திரும்பி வரும்? நிலையத்தைவிட்டு வெளியே வரும் ஆயிரக்கணக்கானவர்கள் முதலில் கால் வைக்கும் இடம் நடைபாதையா, ஷேர் ஆட்டோ வரிசையா? தற்காலிகமாக அடைத்த குறுக்கு வழிகள் திறக்கப்படுமா, அப்படியே நிரந்தரமாகிவிடுமா? தற்காலிகம் என்று வந்து, யாரும் கேட்காததால் நிலைத்துவிட்ட மாற்றங்களை நம் ஊரில் பார்த்திருக்கிறோம். தார் போட்டுக் கோடு போட்ட பிறகு மாற்றுவது கடினம். வரைபடம் மேஜைமேல் இருக்கும்போது மாற்றுவது எளிது.

சட்டம் நம் பக்கம் இருக்கிறது. கோயம்புத்தூரைச் சேர்ந்த எலும்பியல் மருத்துவர் எஸ். ராஜசேகரன், சாலை விபத்துகளில் உடைந்து வருகிறவர்களைப் பார்த்துப் பார்த்து, 2012இல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தார். அந்த வழக்கின் தொடர்ச்சியில் 2025 மே மாதம், தடையற்ற நடைபாதை என்பது அரசியல் சாசனத்தின் 21ஆவது பிரிவு தரும் வாழும் உரிமையின் ஒரு பகுதி என்று நீதிமன்றம் சொல்லியது. மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி அது இருக்கவேண்டும் என்றும் சொல்லியது. அதே ஆண்டு அக்டோபரில், நடப்போருக்கும் மோட்டார் இல்லா வண்டிகளுக்கும் மோட்டார் வாகனச் சட்டத்தின்கீழ் ஆறு மாதத்துக்குள் விதிகள் வகுக்கும்படி மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. ஏன் இவ்வளவு தூரம் போகவேண்டி வந்தது? 2022இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் 32,825 பேர் நடந்து சென்றவர்கள். நாளொன்றுக்குத் தொண்ணூறு பேர் வீதம். இந்த மண்டபத்தில் இப்போது உட்கார்ந்திருப்பவர்கள் அவ்வளவு பேர் இருப்பீர்கள்.

நமக்குக் கேட்க இடமும் இருக்கிறது. 2022இல் தமிழ்நாட்டில் வார்டு குழுக்களுக்கும் பகுதி சபைகளுக்கும் விதிகள் வந்தன. கிராம சபை போல நகரத்துக்கு ஒரு சபை. அங்கே போய் மூன்று கேள்விகளை வையுங்கள். எங்கள் சாலையில் செய்யப்போகும் மாற்றத்தின் வரைபடத்தை, தமிழில் குறிப்பெழுதி, வேலை தொடங்கும் முன் ஒட்டுவீர்களா? கடக்கும் இடம் ஒன்றை மூடினால், அதற்குப் பதில் தரைமட்டத்தில் எங்கே வழி? இந்தச் சாலையில் நடப்பவர்களையும் சைக்கிளில் போகிறவர்களையும் எண்ணினீர்களா, எத்தனை பேர்? எழுத்தில் பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது.

மூன்றாவது கேள்விக்கு அவர்களிடம் பதில் இருக்காது என்றே நினைக்கிறேன். அதனால் அந்த எண்ணிக்கையை நாமே எடுத்துக்கொண்டு போவோம். வரும் சனிக்கிழமை காலை 8 மணியிலிருந்து 9 மணிவரை, ஒவ்வொரு சந்திப்பிலும் நான்கு மூலைக்கு நான்கு பேர் வேண்டும். ஒரு நோட்டு, ஒரு பேனா, வெயிலுக்கு ஒரு குடை. நடந்து கடக்கிறவருக்கு ஒரு கோடு, சைக்கிளுக்கு ஒரு கோடு. முதியவர், குழந்தை, சக்கர நாற்காலி என்றால் பக்கத்தில் ஒரு புள்ளி. கடக்கமுடியாமல் திரும்பிப் போகிறவரைப் பார்த்தால் அவரையும் தனியாக எழுதுங்கள். நான் என் அம்மாவோடு எங்கள் சந்திப்பில் உட்கார்ந்திருப்பேன். உங்கள் சந்திப்புக்கு யார் யார் வருகிறீர்கள் என்று கூட்டம் முடிந்ததும் வாசலில் இருக்கும் தாளில் பெயர் எழுதிவிட்டுப் போங்கள்.